14 மறுப்புகளுக்குப் பிறகு ஓர் அறை

என் முனைவர் பட்ட ஆய்வு ஹாட்லைன்களைப் பற்றியது. பகை நாடுகள் நெருக்கடி நேரத்தில் பேசிக்கொள்வதற்காக முன்கூட்டியே போட்டுவைக்கும் நேரடித் தொடர்புகள். கியூபா ஏவுகணை நெருக்கடி அடங்கிய மறு ஆண்டு, 1963 ஜூனில், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கையெழுத்திட்டு அமைத்ததுதான் இவற்றில் பெயர்பெற்றது. சினிமாவில் காட்டுகிற சிவப்புத் தொலைபேசி அங்கே கிடையாது, இருந்தது டெலிபிரிண்டர், இங்கே அடிப்பதை மறுமுனையில் அச்சிட்டுத் தரும் இயந்திரம். வாஷிங்டன் ஆங்கிலத்தில் அடிக்கும், மாஸ்கோ ரஷ்ய மொழியில் அடிக்கும், மொழிபெயர்ப்பது வாங்குகிறவர் பாடு. நேரில் பேசினால் பதற்றத்தில் வார்த்தை தடித்துவிடும் என்று எழுத்தையே தேர்ந்தெடுத்தார்கள். இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 2021 செப்டம்பர் முதல் 2022 ஜனவரி வரை 14 போஸ்ட்டாக் இடங்களுக்கு, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு இடங்களுக்கு, விண்ணப்பித்தபோது ஆய்வுத் திட்டத்தில் இதையேதான் சொல்லியிருந்தேன். 14-லும் கிடைக்கவில்லை.

மறுப்பு என்று எழுத்தில் வந்தவை 9. மற்ற 5 இடங்களிலிருந்து இன்றுவரை ஒரு வரி கிடையாது. சீனாவுடனான ஹாட்லைனைப் பற்றி 2021-ல் வெள்ளை மாளிகை அதிகாரி கர்ட் கேம்பல் சொன்னதுதான் அப்போது நினைவுக்கு வந்தது. அதைப் பயன்படுத்திப் பார்த்த ஓரிரு தடவையும் காலி அறையில் மணிக்கணக்கில் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம்.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். சர்வதேச உறவுகளிலும் பாதுகாப்பு ஆய்விலும் ‘போஸ்ட்டாக்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் உலவுகின்றன. முதலாவது, ஆய்வு மையங்கள் தரும் ஃபெல்லோஷிப். ஹார்வர்டின் பெல்ஃபர் மையம், ஸ்டான்ஃபோர்டின் பாதுகாப்பு ஆய்வு மையமான சிசாக், எம்ஐடியின் பாதுகாப்பு ஆய்வுத் திட்டம் போன்றவை இந்த ரகம். உங்கள் சொந்த ஆய்வையே தொடரலாம். பெரும்பாலும் ஒரு கல்வியாண்டு, உங்களைப் போல் பத்துப் பதினைந்து பேர் அதே தாழ்வாரத்தில் இருப்பார்கள். இரண்டாவது, ஒரு பேராசிரியர் வாங்கிய பெரிய நிதியில் அவருடைய திட்டத்துக்கு ஆள் எடுப்பது. உப்சாலாவின் மோதல் தரவுத் திட்டம், ஆஸ்லோவின் அமைதி ஆய்வு நிறுவனமான பிரியோ போன்ற இடங்களில் இப்படி வேலைகள் வரும். இது வேலை, சம்பளம், வேறொருவரின் கேள்வி. மூன்றாவது, நீங்களே ஒரு வழிகாட்டியையும் நிறுவனத்தையும் பிடித்து, வெளியிலிருக்கும் நிதி அமைப்புக்கு விண்ணப்பிப்பது. ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெல்லோஷிப் இப்படித்தான். இந்த மூன்றுக்கும் ஒரே விண்ணப்பத்தைத் தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பினேன். அந்த ஆண்டின் முட்டாள்தனங்களில் முதலிடம் இதற்கு.

2022 மார்ச் கடைசியில் சர்வதேச ஆய்வுகள் சங்கத்தின் ஆண்டு மாநாடு நாஷ்வில்லில் நடந்தது. என்னை மறுத்த மையம் ஒன்றின் தேர்வுக்குழுவில் இருந்தவரை அங்கே ஓர் அமர்வு முடிந்து வெளியே வரும்போது பார்த்தேன். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு போய்க் கேட்டேன். “உங்கள் விண்ணப்பம் நினைவிருக்கிறது. நல்ல ஆய்வேடு. ஆனால் அதைத்தான் முடித்துவிட்டீர்களே? எங்களிடம் வந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்றுதான் கடைசிவரை பிடிபடவில்லை” என்றார். சண்டை போடும் தொனியே இல்லை, உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

காபி ஆறுவதற்குள் இன்னொன்றும் சொன்னார். கடைசிச் சுற்றுக்கு வருகிற இருபது பேருமே திறமையானவர்கள்தான். குழுவில் ஒருவர் அணு ஆயுதப் பரவல் படிப்பவர், ஒருவர் உள்நாட்டுப் போர்கள், ஒருவர் சைபர், ஒருவர் ராஜதந்திர வரலாறு. ஹாட்லைன் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்தக் கட்டத்தில் எல்லோரும் யோசிப்பது, ‘அடுத்த ஆண்டு என் பக்கத்து அறையில் யார் இருந்தால் நன்றாக இருக்கும்’ என்பதைத்தான். நான் ஒரு பரிசுக்கு விண்ணப்பிக்கிறவனைப் போல எழுதியிருந்தேன். அவர்கள் அண்டை வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோடையில் ஆய்வுத் திட்டத்தை முதல் வரியிலிருந்து திருப்பி எழுதினேன். பழைய தொடக்கத்தை இப்போது படித்தால் சிரிப்புதான் வருகிறது: “நெருக்கடிக் காலத் தகவல் தொடர்பு குறித்த இலக்கியத்தில் ஓர் இடைவெளி உள்ளது. இந்த ஆய்வு அதை நிரப்ப முயல்கிறது.” இடைவெளி எங்கேதான் இல்லை? யாரும் எழுதாததற்கு அது எழுதத் தகுதியில்லாதது என்பதும் காரணமாக இருக்கலாமே. புதிய தொடக்கம் 2001 ஏப்ரல் 1-ல் ஆரம்பித்தது. சீனாவின் ஹைனான் தீவை ஒட்டிய கடலுக்கு மேலே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொள்கின்றன. சீன விமானி இறக்கிறார். அமெரிக்க விமானம் 24 பேருடன் ஹைனானிலேயே இறங்குகிறது. பெய்ஜிங்கில் இருந்த அமெரிக்கத் தூதர் மணிக்கணக்காக முயன்றும் சீன ராணுவத் தரப்பில் யாரும் போனை எடுக்கவில்லை. இந்தக் கதைக்கு அடுத்த வரியில் என் கேள்வி: இணைப்பு நன்றாக வேலை செய்யும்போது, மறுமுனையில் இருப்பவர் ஏன் எடுக்காமல் இருக்கிறார்?

என் வாதம், எடுக்காமல் இருப்பதே ஒரு செய்தி என்பது. கொரியாவில் வடக்கு, தெற்குடனான தொடர்புகளைத் துண்டிப்பதும் திறப்பதுமாக இருப்பதைப் பாருங்கள். 2020 ஜூனில் எல்லாத் தொடர்பையும் துண்டித்துவிட்டு, அடுத்த சில நாளில் கேசோங்கில் இருந்த தொடர்பு அலுவலகக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஹாட்லைன் அங்கே அணைப்பதற்காக வைத்திருக்கும் விளக்கு மாதிரி. இவ்வளவும் அரைப் பக்கம். மீதி இரண்டரைப் பக்கமும் அங்கே வந்து என்ன செய்வேன் என்பதற்கே: எந்த இரண்டு அத்தியாயங்களைத் திருப்பி எழுதுவேன், எந்த ஆவணக் காப்பகம், எத்தனை நேர்காணல், எந்த மாதம் எந்தக் கட்டுரை ஆய்விதழுக்குப் போகும், எந்த மாதிரி ஆதாரம் கிடைத்தால் என் வாதம் விழுந்துவிடும். கடைசி விஷயத்தைச் சேர்க்கத் தயங்கினேன். என் நெறியாளர்தான் வற்புறுத்தினார்: “விழக்கூடிய வாதம் என்றால்தான்மா பக்கத்து அறைக்காரர் பேச வருவார். விழவே விழாத வாதத்தோடு யார் உட்கார்ந்து காபி குடிப்பார்கள்?”

‘ஏன் எங்கள் மையம்?’ என்ற பத்தியையும் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டில் எல்லோருக்கும் ‘உலகப் புகழ்பெற்ற உங்கள் மையத்தில்’ என்று எழுதியிருந்தேன். தங்கள் புகழ் அவர்களுக்குத் தெரியாதா என்ன? இரண்டாம் ஆண்டு ஒவ்வோர் இடத்துக்கும் அரை நாள் செலவழித்துப் படித்தேன். சிசாக் 1983-ல் தொடங்கியது, சமூக அறிவியலாளரையும் இயற்கை அறிவியலாளரையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் இடம். அமெரிக்க அணு ஆயுத ஆய்வகமான லாஸ் அலமோஸின் முன்னாள் இயக்குநர் சீக்ஃபிரிட் ஹெக்கர் அங்கே இணை இயக்குநராக இருந்தவர். 2004-ல் வட கொரியாவின் யோங்பியோன் அணு நிலையத்தில், கண்ணாடிப் புட்டியில் இருந்த புளுட்டோனியத்தை அவர் கையில் வாங்கிப் பார்த்தார் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. இப்படிப்பட்ட இடத்துக்கு எழுதும்போது, தொடர்பு இணைப்பின் தொழில்நுட்பப் பக்கத்தை எனக்குச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்று கேட்பது இயல்பு. பெல்ஃபரிலோ 1976 முதல் வருகிற ‘இன்டர்நேஷனல் செக்யூரிட்டி’ ஆய்விதழின் ஆசிரியர் குழுவே உட்கார்ந்திருக்கிறது. அங்கே கட்டுரை வடிவத்தைப் பற்றிப் பேசலாம். ஒரே ஆய்வு, ஆனால் ஒவ்வோர் இடத்திலும் அதன் வேறொரு பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் எழுத்து மாதிரியில் செய்த தவறு இன்னும் எளிமையானது. முதல் ஆண்டு கோட்பாட்டு அத்தியாயத்தை அனுப்பினேன், 60 பக்கம். ஒருவரும் அதைத் திறந்திருக்க மாட்டார்கள், நானே இன்று திறக்க மாட்டேன். அடுத்த தடவை, இஸ்ரேலும் அரபு நாடுகளும் மோதிய 1967 ஆறு நாள் போரைப் பற்றிய 28 பக்கம். ஹாட்லைன் நெருக்கடியில் முதன்முதலாகப் பயன்பட்டது அப்போதுதான். ஜூன் 5 காலை சோவியத் பிரதமர் கோசிகின் அனுப்பிய செய்தி வந்தபோது, பணியில் இருந்த அதிகாரி அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் மக்நமாராவைக் கூப்பிட்டாராம். என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்க, இணைப்பு பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனோடு முடிந்துவிடுகிறது, வெள்ளை மாளிகைக்குப் போகவில்லை என்று பதில் வந்திருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அந்த இயந்திரம் அங்கே இருக்கிறது, அது எங்கே முடிகிறது என்று துறையின் தலைவருக்கே தெரியவில்லை! இந்தக் கதை முதல் பக்கத்திலேயே வந்துவிடும்படி அத்தியாயத்தை மாற்றி அமைத்து, ‘முழு ஆய்வில் இது எங்கே பொருந்துகிறது’ என்று அரைப் பக்கக் குறிப்பும் முன்னால் வைத்தேன்.

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். பொதுவாக மூன்று கேட்பார்கள். முதல் ஆண்டில் எனக்கு எழுதித் தந்தவர்களில் ஒருவர், இரண்டு இடங்களுக்குக் கடிதத்தை ஏற்றவே மறந்துவிட்டார். மாதக்கணக்கில் எனக்குத் தெரியாது. விண்ணப்பத் தளத்தில் உள்நுழைந்து பார்த்தால் ‘பெறப்படவில்லை’ என்று தெளிவாகப் போட்டிருந்தது, நான்தான் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது கெடுவுக்கு ஆறு வாரம் முன்பே கேட்கிறேன். எல்லா இடங்களும் கெடுத் தேதிகளும் கொண்ட ஓர் அட்டவணை, ஒவ்வோர் இடத்துக்கும் எதை அழுத்திச் சொன்னால் நல்லது என்று இரண்டு வரி. கெடுவுக்குப் பத்து நாள் முன்பு ஒரு தடவையும் மூன்று நாள் முன்பு ஒரு தடவையும் தளத்தைப் பார்த்து, நினைவூட்டல் அனுப்புகிறேன். மூத்தவர்களை நினைவூட்டுவது மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன். அவர்களோ நன்றிதான் சொல்கிறார்கள். மூன்று கடிதமும் ஒரே துறையிலிருந்து போகாமல் இருப்பது நல்லது. மாநாட்டில் என் கட்டுரைக்குக் கருத்துரை சொன்ன வெளியாள் ஒருவரிடம் மூன்றாவதைக் கேட்டேன். என் நெறியாளருக்கு என்னைப் பிடிக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது, வெளியாள் சொல்வதற்குத்தான் எடை.

இந்தத் துறையின் பணம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். எந்தத் தலைப்புக்கு எத்தனை இடம் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது நிதி கொடுப்பவர்தான். அணு ஆயுதப் பாதுகாப்புக்கு இவ்வளவு ஃபெல்லோஷிப் இருப்பதற்கு ஸ்டான்டன் அறக்கட்டளை ஒரு பெரிய காரணம். அதன் பணம் பல மையங்களில் இடங்களாக மாறுகிறது. அதே அணுத் துறையிலிருந்து வெளியேறுவதாக மக்ஆர்தர் அறக்கட்டளை 2021-ல் அறிவித்தபோது, பலருடைய எதிர்காலத் திட்டம் ஒரே நாளில் ஆட்டம் கண்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2008-ல் தொடங்கிய மினர்வா ஆய்வுத் திட்டம் 2025-ல் கைவிடப்பட்டது. 1968-ல் அமெரிக்கக் காங்கிரஸ் உருவாக்கிய வில்சன் மையமும் அதே ஆண்டு அரசாணை ஒன்றால் ஏறக்குறைய முடங்கியது. பனிப்போர் ஆவணங்களோடு வேலை செய்கிற என் போன்றவர்களுக்கு அது வீட்டுக்கு அடுத்த நூலகம் மூடிய மாதிரி. எனவே ஒரே நாட்டின், ஒரே வகை நிதியை நம்பி விண்ணப்பப் பட்டியல் போடாதீர்கள். அதற்காக, பணம் இருக்கும் திசைக்கு ஆய்வைத் திருப்பவும் வேண்டாம். என் கேள்விக்குள்ளேயே அணு நெருக்கடிகள் இருந்தன. ஒரு விண்ணப்பத்தில் அவற்றை முன்னால் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். இல்லாததை ஒட்டவைத்தால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே உரிந்துவிடும்.

இரண்டாம் சுற்றில் 9 இடங்களுக்குத்தான் விண்ணப்பித்தேன். இரண்டிலிருந்து நேர்காணல் அழைப்பு. முதலாவது 2023 பிப்ரவரி நடுவில். அந்த மாதம் 4-ஆம் தேதிதான் தன் வானில் பறந்த சீன பலூனை அமெரிக்கா தெற்குக் கரோலினா கரைக்கு அப்பால் சுட்டு வீழ்த்தியிருந்தது. அன்றே சீனப் பாதுகாப்பு அமைச்சருடன் பேசக் கேட்டதாகவும், சீனா மறுத்துவிட்டதாகவும் பென்டகன் 7-ஆம் தேதி சொன்னது. என் ஆய்வேடு செய்தித்தாளின் முதல் பக்கத்தில்! ஜூமில் நான்கு பேர், 25 நிமிடம். நான் உற்சாகத்தில் பலூனைப் பற்றி நான்கைந்து நிமிடம் பொழிந்து தள்ளினேன். ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, உங்கள் வாதம் இதை முன்கூட்டியே சொல்லியிருக்குமா? எந்தச் சூழலில் அவர்கள் எடுத்திருப்பார்கள்?” என்றார்.

வாய் அடைத்துப்போனது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்த பெலோசி தைவான் போனதற்காக 2022 ஆகஸ்டில் சீனா ராணுவப் பேச்சுகளை நிறுத்தியதையும், நவம்பரில் கம்போடியாவில் இரு பாதுகாப்பு அமைச்சர்களும் சந்தித்ததையும் வைத்து ஏதோ கோத்தேன். பகிரங்கமாகத் தலைகுனிவு நேர்ந்தபிறகு எடுக்க மாட்டார்கள் என்பதை என் வாதம் சொல்லும், எப்போது மறுபடி திறப்பார்கள் என்பதை இன்னும் சரியாகச் சொல்லாது என்று ஒத்துக்கொண்டேன். அது நல்ல பதில்தானா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அதன்பிறகு நேர்காணலுக்குத் தயாராகிறவர்களிடம், அன்றைய செய்தியைப் பற்றி ஒரு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள் என்று சொல்கிறேன். செய்தி அவர்களும் படித்திருப்பார்கள். உங்கள் வாதத்தை அந்தச் செய்தியில் வைத்து உரசிப் பார்ப்பதுதான் அவர்களுக்குத் தேவை.

முடிவு: ஒன்று மறுப்பு, ஒன்று காத்திருப்புப் பட்டியல். காத்திருப்புப் பட்டியல் என்றால் மென்மையான மறுப்பு என்று நினைத்து இரண்டு நாள் சுருண்டு படுத்தேன். அப்படி இல்லை. ஒரே ஆள் மூன்று நான்கு இடங்களில் தேர்வாகிறார், ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், மற்றவை நகரும். நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: இன்னும் ஆர்வம் இருக்கிறது, இடையில் இந்தக் கட்டுரை ஆய்விதழின் மதிப்பீட்டுக்குப் போயிருக்கிறது, எந்தத் தேதிவரை காத்திருக்க முடியும். ஏப்ரல் கடைசியில் இடம் கிடைத்தது.

இடம் கிடைத்த மகிழ்ச்சியில் கேள்வி கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். வருவது சம்பளமா உதவித்தொகையா என்று கேளுங்கள். வரியும் மருத்துவக் காப்பீடும் அதைப் பொறுத்தே மாறும். குடும்பத்துக்குக் காப்பீடு உண்டா, ஆய்வுப் பயணத்துக்குத் தனிப் பணம் உண்டா, இரண்டாம் ஆண்டு நீட்டிப்பு என்பது எழுத்தில் இருக்கிறதா, வாய்ச்சொல்லா? நான் கடைசிக் கேள்வியைக் கேட்கவில்லை. ‘பெரும்பாலும் நீட்டிப்பார்கள்’ என்று யாரோ சொன்னதை நம்பினேன், நீட்டிக்கவில்லை.

அமெரிக்கா போகிறவர்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குத் தரும் ஜே-1 விசாவை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஆய்வாளர் பிரிவில் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. ஆனால் திட்டம் முடிந்துவிட்டால், இடையில் எத்தனை மாதம்தான் இருந்திருந்தாலும், அதே பிரிவில் மறுபடி வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். முடிவதற்குள் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, முடிந்தபின் இல்லை. அரசுப் பணம் கலந்திருந்தால், சில வகை விசாக்களுக்கு மாறுவதற்கு முன் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் வசிக்க வேண்டும் என்ற விதியும் வரலாம். இதை எனக்குச் சொன்னது எந்த அலுவலகமும் இல்லை, பக்கத்து அறை பிரேசில்காரர்.

அப்புறம் அந்த ஆண்டு. பத்து மாதம் என்று காகிதத்தில் இருக்கும். செப்டம்பர் வீடு, வங்கி, அடையாள அட்டை என்று போய்விடும். அக்டோபரிலேயே அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பக் கெடுக்கள் வரிசை கட்டும். வந்து ஒரு மாதம்கூட ஆகாத இடத்தைப் பற்றி ‘இங்கே நான் சாதித்தவை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஜனவரி வரை அதிலேயே போனது. நான் உண்மையில் எழுதியது பிப்ரவரி முதல் மே வரை. மறுபடி வாய்த்தால், அடுத்த சுற்று விண்ணப்பத்தின் எல்லா ஆவணங்களையும் கிளம்புவதற்கு முன் ஆகஸ்டிலேயே முடித்து வைத்துவிடுவேன். ஆய்வேட்டை நூலாக்குகிறேன் என்று முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கவும் மாட்டேன். பலர் அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள்.

ஆனாலும் அந்த ஆண்டை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஒரே ஒரு மதிய அமர்வுக்காக. நவம்பரில் என் முறை வந்தது. இருபது நிமிடம் பேசினேன்: எடுக்காத போன் ஒரு செய்தி, மௌனம் ஒரு உத்தி. அரசியல் அறிவியலாளர்கள் எதிர்பார்த்த கேள்விகளைக் கேட்டார்கள். மூலையில், முப்பது ஆண்டு கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற ஃபெல்லோ ஒருவர். கையை உயர்த்தி, “ராத்திரி இரண்டு மணிக்கு அந்த போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன பதவி?” என்றார்.

தெரியாது என்றேன்.

“நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். எடுத்தால் ‘செய்தி கிடைத்தது’ என்று சொல்ல மட்டும்தான் எனக்கு அனுமதி. இன்னும் கெடுபிடியான அமைப்பில் அதுகூட இருக்காது. மேலிடம் என்ன சொல்வது என்று முடிவு செய்யாதவரை எடுக்காமல் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. நீங்கள் உத்தி என்கிறீர்கள். எனக்கு அது பயந்துபோன ஒரு மேஜராகத் தெரிகிறது.”

என் ஆய்வேட்டின் நடு முதுகெலும்பில் விழுந்த அடி. ஐந்து ஆண்டுகளில் எந்த மதிப்பீட்டாளரும் கேட்காத கேள்வி, ஏனென்றால் மதிப்பீட்டாளர்கள் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இரண்டு வாரம் அவர் அறைப்பக்கமே போகவில்லை. பிறகு போனேன். பிப்ரவரிக்குப் பிறகு நான் எழுதியது எல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான்: எந்த மௌனம் மேலிடத்தின் முடிவு, எந்த மௌனம் கீழே இருப்பவரின் கையாலாகாத்தனம், வெளியிலிருந்து பார்ப்பவர் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது. மக்நமாரா கதையை அதுவரை வேடிக்கையாகத்தான் பயன்படுத்தியிருந்தேன், இப்போது அதுவே ஆதாரமாகிவிட்டது. அவர் எனக்கு மூன்று பேரை அறிமுகப்படுத்தினார், அந்த மூவரும் ஆளுக்கு இரண்டு பேரை.

அங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். மனிதர்களை நேர்காண்பதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், பழைய பல்கலைக்கழகத்தில் வாங்கியது புதிய இடத்தில் தானாகச் செல்லாது. எனக்கு ஏழு வாரம் பிடித்தது. போய்ச் சேர்வதற்கு முன்பே அந்த அலுவலகத்துக்கு எழுதி, என்ன தேவை என்று கேட்டுவைத்திருக்கலாம். பேசுகிறவரிடம் பெயர் போடலாமா, பதவி மட்டும் போடலாமா, எதுவுமே போடக்கூடாதா என்பதைப் பேச்சு தொடங்குமுன் முடிவு செய்து, அவர் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்தபின் கேட்டால் எல்லோருக்கும் பயம் வந்துவிடுகிறது.

இப்போது இருப்பது ஐரோப்பாவில், மேரி கியூரி பணத்தில். 2023 செப்டம்பரில், அமெரிக்கா வந்து இறங்கிய அதே மாதம், விண்ணப்பித்தது. அதற்கு அந்த ஏப்ரலிலேயே வழிகாட்டியைப் பிடித்திருந்தேன். கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில், ஆய்வுக்குப் போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது முக்கிய விதி. பத்துப் பக்கத் திட்டத்தில் ஆய்வின் தரத்துக்கு 50 விழுக்காடு, தாக்கத்துக்கு 30, செயல்படுத்தலுக்கு 20. நம் துறையினர் ஆய்வின் தரத்தை ஆறு பக்கத்துக்கு அழகாக எழுதிவிட்டு, தாக்கம் என்ற பகுதியில் ‘கொள்கை வகுப்போருக்குப் பயன்படும்’ என்று கையைக் கழுவிவிடுகிறோம். எந்த அமைச்சகத்தில் எந்தப் பிரிவு, என்ன வடிவில், எந்த மாதம் என்று எழுதினேன், மதிப்பீட்டில் அதைத்தான் பாராட்டியிருந்தார்கள். இப்போது போட்டி கடுமையாகிவிட்டது: 2025-ல் 17,000-க்கும் மேல் விண்ணப்பங்கள். விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன, அந்தந்த ஆண்டின் விதிக் கையேட்டையே படியுங்கள்.

ஒரு சறுக்கலையும் சொல்லிவிடுகிறேன். 2025 மே 10, இந்தியாவும் பாகிஸ்தானும் மோதலை நிறுத்திய நாள். பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் பிற்பகல் 3.35-க்குத் தன்னுடைய இந்திய இணையரைத் தொலைபேசியில் கூப்பிட்டதாக இந்திய வெளியுறவுச் செயலர் அறிவித்தார். அன்று மாலையே என் அஞ்சல் பெட்டி நிரம்பியது. மூன்று வாரத்தில் இரண்டு பத்திரிகைக் கட்டுரை, நான்கு பேட்டி. திருத்தி அனுப்பச் சொல்லி ஆய்விதழிலிருந்து வந்திருந்த கட்டுரையை ஆறு வாரம் தொடவில்லை, கெடுவைத் தவறவிட்டேன். பத்திரிகைக் கட்டுரை வீண் என்று சொல்ல மாட்டேன், ஓர் அதிகாரி அதைப் படித்துவிட்டுத்தான் பேச ஒப்புக்கொண்டார். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் குழு எண்ணுவது ஆய்விதழ்க் கட்டுரையைத்தான்.

சென்ற பருவத்தில் எங்கள் மையம் 30 விண்ணப்பங்களை முதல் சுற்று வாசிப்புக்கு என்னிடம் கொடுத்தது. நேர்மையாகச் சொன்னால் ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். என் கை தானாக இரண்டாம் பக்கத்துக்குப் போகிறது, இங்கே வந்து என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க. பாதிக்கு மேல் அது இல்லை. அவற்றில் சில, நான் எழுதியதைவிட எவ்வளவோ நல்ல ஆய்வேடுகள்.

நேற்று முன்பின் தெரியாத ஒருவர், தன் திட்டத்தைப் படித்துப் பார்க்க முடியுமா என்று அனுப்பியிருந்தார். கடலடிக் கேபிள்களின் பாதுகாப்பு பற்றியது. முதல் வரி: “இலக்கியத்தில் ஓர் இடைவெளி உள்ளது.” அதை அடித்துவிட்டு, கேபிள் அறுந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கு போன் போகும் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவருடைய கெடு ஜனவரி நடுவில். நேரம் இருக்கிறது.